பேரில் பத்து, எண்ணினால் பதினெட்டு!

குழந்தைகளே, முதலில் ஒரு கேள்வி. ஒரே போட்டித் தொடரில் இரண்டு அணிகள். ஓர் அணி 12 ஆட்டங்களில் 11-ல் ஜெயிக்கிறது. இன்னோர் அணி 10-ல்தான் ஜெயிக்கிறது. எது பலமான அணி?

"இதென்ன கேள்வி! 11 ஜெயித்த அணிதான்" என்று பட்டென்று சொல்லி விட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். "யாரோடு மோதி ஜெயித்தது?" என்று திருப்பிக் கேட்ட பிள்ளை யாராவது இருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஒரு சபாஷ்!

அமெரிக்காவில் ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பெரிய வாக்குவாதமே நடக்கிறது. அங்கே கல்லூரி மாணவர்கள் ஆடும் ஃபுட்பால் மிகவும் பிரபலம். நாம் ஆடும் கால்பந்து அல்ல அது. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். கையில் இடுக்கிக் கொண்டு ஓடுவார்கள், தூக்கி எறிவார்கள், குறுக்கே வருபவரை இடித்துத் தள்ளுவார்கள். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். காலால் உதைப்பது எப்போதாவதுதான்! (பிறகு ஏன் ஃபுட்பால் என்று பேர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். அது தனிக் கதை.) மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்கலாம்.

முரட்டு ஆட்டம் அல்லவா? அடிபட்ட உடம்பு தேற நாள் வேண்டும். அதனால் வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான். ஒரு சீசனில் மொத்தமே 12 ஆட்டங்கள். ஆனால் முதல் பிரிவில் இருக்கும் அணிகளோ 130-க்கும் மேல்! எல்லாரும் எல்லாரோடும் மோதுவது நடக்கிற காரியமா?

அதற்குத்தான் 'கான்ஃபரன்ஸ்' என்ற ஏற்பாடு. பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்துக் கொள்ளும். 12 ஆட்டங்களில் பெரும்பகுதியைக் குழுவுக்குள்ளேயே ஆடும். மிச்சத்தை வெளி அணிகளோடு ஆடும். 1896-ல் 7 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய குழுதான் இன்று 'பிக் டென்' எனப்படுகிறது. மேற்குக் கடற்கரையில் 'பசிபிக்' குழு 1915-ல் பிறந்தது.

சின்னக் குழுவில் ஒரு வசதி உண்டு. 2006 முதல் 2010 வரை பசிபிக் குழுவில் 10 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் மற்ற 9 அணிகளோடும் ஒரு முறை மோதியது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்த மாதிரி. "அவனுக்குச் சுலபமான கேள்வி, எனக்குக் கஷ்டமான கேள்வி" என்று யாரும் புகார் சொல்ல முடியாது.

பிறகு தொலைக்காட்சிப் பணம் வந்தது. 2022-ல் பிக் டென் குழு மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு, 7 ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல்! இவ்வளவு பணம் ஒரு வீட்டில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் யூ.எஸ்.சி., யூ.சி.எல்.ஏ. ஆகிய இரண்டும் பசிபிக் குழுவை விட்டு பிக் டென்னுக்குப் போவதாக 2022-ல் அறிவித்தன. அடுத்த ஆண்டு ஆரிகனும் வாஷிங்டனும் அதே வழியில் கிளம்பின. 2024-ல் பிக் டென்னில் 18 அணிகள்! பேரை மட்டும் மாற்றவில்லை. 'பிக் 12' என்று இன்னொரு குழு இருக்கிறது. அதில் 16 அணிகள். கணக்கு வாத்தியார் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை போலும்!

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். பிக் டென்னில் ஓர் அணிக்கு மற்ற அணிகள் 17. குழுவுக்குள் ஆடுவதோ 9 ஆட்டங்கள். அப்படியானால் 8 அணிகளை அது பார்க்கவே பார்க்காது. அந்த எட்டில் புலிகள் இருந்தால் அதிர்ஷ்டம். பூனைகள் இருந்தால் துரதிர்ஷ்டம்!

2024-ல் நடந்ததைக் கேளுங்கள். அந்த ஆண்டு பிக் டென்னில் உச்சத்தில் நான்கு அணிகள்: ஆரிகன், பென் ஸ்டேட், இந்தியானா, ஓஹியோ ஸ்டேட். இவற்றில் ஓஹியோ ஸ்டேட், மற்ற மூன்றோடும் மோத வேண்டி வந்தது. இந்தியானாவோ அந்த மூன்றில் ஓஹியோ ஸ்டேட் ஒன்றோடு மட்டும்தான் மோதியது. அதிலும் 38-15 என்று தோற்றது. மற்ற 11 ஆட்டங்களிலும் வெற்றி! ஓஹியோ ஸ்டேட், ஆரிகனிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. பிறகு மிச்சிகனிடமும் தோற்றது. 10 வெற்றி, 2 தோல்வி. குழுவின் பட்டியலில் நான்காம் இடம்தான்.

நாடு முழுவதிலும் இருந்து 12 அணிகளைத் தேர்வுக் குழு ஒன்று பிளே-ஆஃப் சுற்றுக்கு எடுத்தது. நமது நால்வருமே உள்ளே வந்து விட்டார்கள். அப்போது என்ன ஆயிற்று தெரியுமா? இந்தியானா முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. நான்காம் இடத்து ஓஹியோ ஸ்டேட், வழியில் ஆரிகனையும் பழி தீர்த்துக் கொண்டு, 2025 ஜனவரியில் நாட்டின் சாம்பியன் ஆனது!

"இந்தியானாவுக்குச் சுலபமான அட்டவணை, அதனால்தான் 11 ஜெயித்தது" என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அட்டவணையை இந்தியானாவா போட்டது? 2023 அக்டோபரிலேயே, வரப்போகும் ஐந்து ஆண்டுகளுக்கு யார் யாரோடு மோதுவது என்று பிக் டென் முடிவு செய்து விட்டது. ஓர் அணி அடுத்த ஆண்டு எப்படி ஆடும் என்று யாருக்குத் தெரியும்? 2024 அட்டவணையில் இந்தியானாவுக்கு மிச்சிகன், வாஷிங்டன் இரண்டும் வந்தன. முந்தைய சீசனின் தேசிய இறுதியாட்டத்தில் மோதிக் கொண்டவை இவைதான்! காகிதத்தில் பார்த்தால் பயங்கரமான அட்டவணை. ஆனால் வாஷிங்டனின் பயிற்சியாளரும் பல வீரர்களும் அதற்குள் வேறு இடம் போயிருந்தார்கள். இறுதியாட்டம் ஆடிய அணி, அடுத்த சீசனில் 6 ஆட்டம்தான் ஜெயித்தது.

கேலி செய்தவர்களுக்கு இந்தியானா 2025-ல் பதில் சொன்னது. ஆரிகனை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது. குழுவின் இறுதியாட்டத்தில் ஓஹியோ ஸ்டேட்டை 13-10 என்று வென்றது. ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் 2026 ஜனவரியில் தேசிய சாம்பியன் ஆனது!

அட்டவணையின் கஷ்டம் எதிரணியோடு முடிந்து விடுவதில்லை. தூரமும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் எங்கே, மேரிலாந்து எங்கே! நாட்டின் இரண்டு கோடிகள். கடிகாரமே 3 மணி நேரம் வித்தியாசப்படும். மேரிலாந்தில் நடுப்பகல் என்றால் லாஸ் ஏஞ்சலிஸ் பையனின் உடம்புக்குக் காலை 9 மணி. யூ.எஸ்.சி. அணி 2024-ல் பிக் டென் ஆட்டங்களுக்காக மிச்சிகன், மினசோட்டா, மேரிலாந்து, வாஷிங்டன் என்று நான்கு வெளியூர்ப் பயணம் போனது. நான்கிலும் தோல்வி! அதுவும் 3, 7, 1, 5 புள்ளி வித்தியாசத்தில். பயணம் மட்டும்தான் காரணம் என்றும் சொல்லி விட முடியாது. அதே ஆண்டு சேர்ந்த ஆரிகன், அவ்வளவு தூரம் பறந்தும் குழு ஆட்டங்கள் ஒன்பதிலும் ஜெயித்தது.

ஃபுட்பால் அணியாவது வாரம் ஒரு முறை போகிறது. அதே பல்கலைக்கழகங்களின் வாலிபால், சாஃப்ட்பால் பெண்களுக்கு ஆட்டங்கள் இன்னும் அதிகம். அவர்களும் நாட்டின் குறுக்கே பறந்து போய், திரும்பி வந்து பரீட்சை எழுத வேண்டும். தொலைக்காட்சிப் பணம் பெரும்பாலும் ஃபுட்பாலுக்காக வருவது. அலைச்சல் எல்லாருக்கும்!

தெற்கே எஸ்.இ.சி. என்ற இன்னொரு பலசாலிக் குழு. டெக்சாஸ், ஓக்லஹோமா இரண்டும் 2024-ல் அதில் சேர, அதில் 16 அணிகள் ஆயின. ஒவ்வொன்றும் குழுவுக்குள் 8 ஆட்டம். பென்சிலை எடுங்கள். 16 x 8 = 128. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகள், எனவே 64 ஆட்டங்கள். 64 வெற்றி, 64 தோல்வி. எவ்வளவு நல்ல அணிகள் சேர்ந்தாலும் யாராவது தோற்றுத்தான் ஆக வேண்டும்! 2026 முதல் 9 ஆட்டங்கள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால் 72. அதாவது குழுவுக்குள் 8 தோல்விகள் கூடுதல். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒரு சின்னக் கல்லூரியைப் பணம் கொடுத்து அழைத்து, சுலபமாக ஜெயித்து விடலாம்.

குழு மாற்றத்தால் பழைய ஜோடிகளும் பிரிந்தன. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆண்டுதோறும் மோதிக் கொள்ளும். 2023-க்குப் பிறகு அது நின்று போனது. ஆனால் 2011-க்குப் பிறகு சந்திக்காமலே இருந்த டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்டு எம்மும் 2024-ல் மறுபடி மோதின.

பசிபிக் குழு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? 12 அணிகளில் 10 போய் விட்டன. யாரும் கூப்பிடாமல் நின்றவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும். இரண்டே பேர் எப்படி 12 ஆட்டம் ஆடுவது? 2024-ல் 'மவுண்டன் வெஸ்ட்' என்ற வேறொரு குழுவின் அணிகளோடு பேசி அட்டவணையை நிரப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில், தன்னை விட்டுப் போன வாஷிங்டன் அணியை வாஷிங்டன் ஸ்டேட் 24-19 என்று தோற்கடித்தது. பிறகு இருவரும் பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போன்றவற்றை அழைத்துக் குழுவை மறுபடி கட்டினார்கள். 2026 சீசனுக்கு அதில் ஃபுட்பால் அணிகள் 8. ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் மோதி விடலாம், ஒன்றைக்கூட விடாமல்!