இடங்களை வகைப்படுத்தும் கணினி

ஒரு நகரின் வரைபடத்தில் சாலைகளும் கட்டடங்களும் மட்டும் இருந்தால் போதாது. எது பள்ளி, எது மருந்துக் கடை, எது உணவு விடுதி என்பதும் தெரிந்தால்தான் அது மக்களுக்கும் நிர்வாகத்திற்கும் பயன்படும். அளவையாளர்கள் தெருத்தெருவாகச் சென்று இவ்விவரங்களைத் திரட்டுவதே நெடுங்கால வழக்கம். ஆனால் கடைகள் தோன்றுவதும் மறைவதும் இடையறாது நிகழும் நகரங்களில், பணி முடியுமுன்பே விவரங்கள் பழையனவாகிவிடுகின்றன. இக்குறையைப் போக்க, சமூக ஊடகங்களில் மக்கள் தாமே பதிவு செய்யும் இடக்குறிப்புகளைப் பயன்படுத்தும் முறை உருவாகியுள்ளது.

பதிவும் வெற்றிடமும்

2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஃபோர்ஸ்கொயர் போன்ற சேவைகளில், ஓரிடத்திற்குச் சென்றவர் தமது வருகையைக் கைப்பேசி வாயிலாகப் பதிவு செய்வார். யார், எங்கே, எப்போது என்னும் மூன்று செய்திகள் அதில் அடங்கும். புதிய இடங்களைப் பயனாளரே சேர்க்கலாம். ஆனால் அது எவ்வகை இடம் என்பதைப் பலர் குறிப்பதில்லை. இத்தகைய இரு சேவைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, சுமார் 30 சதவீத இடங்களுக்குப் பொருளுள்ள விளக்கமே இல்லை எனக் கண்டது.

கணினி ஊகிக்கும் விதம்

முதலாவது, நேரம். நண்பகலிலும் இரவிலும் வருகை மிகுந்தால் அது உணவு விடுதியாக இருக்கலாம். வேலை நாட்களின் காலையில் மட்டும் மிகுந்தால் அலுவலகமாக இருக்கலாம். இரண்டாவது, வருவோரின் இயல்பு. சுற்றுலாத் தலத்திற்குப் பலர் ஒருமுறை வருவர். அலுவலகத்திற்குச் சிலரே நாள்தோறும் வருவர். மூன்றாவது, இடங்களுக்கிடையிலான உறவு. ஒருவர் வெவ்வேறு நாட்களில், ஒரே வேளையில் செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. எனவே வகை தெரிந்த இடத்திலிருந்து தெரியாததை ஊகிக்கலாம்.

வகை அறியப்பட்ட இடங்களைக் கொண்டு கணினிக்கு முதலில் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே 'ஆம்', 'இல்லை' எனத் தீர்மானிப்பதால், ஓரிடம் புத்தகக் கடையாகவும் காப்பிக் கடையாகவும் குறிக்கப்பெறலாம். அறியப்பட்ட இடங்கள் சிலவற்றின் வகையை மறைத்து வைத்து, கணினியின் விடையை அதனுடன் ஒப்பிட்டுப் பிழையை அளவிடுகின்றனர்.

எச்சரிக்கை தேவை

ஞாயிறு காலையில் தேவாலயம் நிறையும் நாட்டில் பயின்ற கணினி, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் கோயிலிலும், வெள்ளி நண்பகலில் பள்ளிவாசலிலும் கூடும் கூட்டத்தை வேறாகக் கருதக்கூடும். அதனினும் முக்கியமானது, பதிவு செய்பவர் யார் என்னும் கேள்வி. நியாயவிலைக் கடையின் வரிசையில் நிற்பவரோ, அங்கன்வாடிக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் தாயோ அதை ஊடகத்தில் அறிவிப்பதில்லை. பதிவு இல்லாததைத் தேவை இல்லாததாக நிர்வாகம் கொண்டால், வசதி மிக்க பகுதிகளுக்கே மேலும் வசதிகள் சென்று சேரும். இந்தத் தரவின் ஊற்றும் நிலையானதன்று; துல்லியமான இடக்குறிப்பை இணைக்கும் வசதியை ட்விட்டர் 2019-இல் விலக்கிக்கொண்டது.

தனிமனித அந்தரங்கமும் இங்கு அடங்கியுள்ளது. 15 லட்சம் பேரின் கைப்பேசித் தரவை ஆராய்ந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெயரை நீக்கிய பின்னரும், இடமும் நேரமும் கொண்ட நான்கு புள்ளிகளே 95 சதவீதத்தினரைத் தனித்துக் காட்டப் போதுமானவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. ஆகவே தனிநபரின் தடங்களை விடுத்து, தொகுத்த எண்ணிக்கைகளையே திட்டப் பணிக்குப் பயன்படுத்துதல் நன்று.

கணினி இடும் பெயர் ஓர் ஊகமே. எந்தெந்த இடங்களை முதலில் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்பதை அது சுட்டிக்காட்டும். அதை உறுதி செய்வதும், எவரும் பதிவு செய்யாத தெருக்களைத் தேடிச் செல்வதும் களப் பணியாளரின் கடமையாகவே இருந்துவரும்.