பண்டிகைச் செலவும் இல்லக் கைத்தொழிலும்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் அமைந்துள்ளது தெலுக் பங்லிமா காராங். ஒரு காலத்தில் பால்மரங்கள் நிறைந்திருந்த இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியுள்ளது. தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலை செய்கின்றனர். ஆயினும் நாட்டின் பல பகுதிகளில் நம் சகோதர சகோதரிகள் இன்றும் பால்மரம் வெட்டி வாழ்கின்றனர். அவர்கள் அனைவரும் நன்கு அறிந்த ஓர் இடர்ப்பாடு உண்டு. மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகும். மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட இயலாது. அதே சமயத்தில்தான் தீபாவளியும் வருகிறது. வரவு குறையும் மாதமும் செலவு கூடும் மாதமும் ஒன்றாகிவிடுகின்றன. அது தீர்ந்தவுடன் சனவரியில் பள்ளிச் செலவு வருமென்று முன்பு அஞ்சினோம். பள்ளி ஆண்டின் தொடக்கம் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருந்து, 2026இல் மீண்டும் சனவரிக்கே திரும்பியுள்ளது.

இந்த இடைவெளியைப் பல குடும்பங்கள் கடனால் நிரப்புகின்றன. அதனைக் கைத்திறனால் ஓரளவு நிரப்ப முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தைத்தல், பலகாரம் சுடுதல், இல்லத்தை அழகுசெய்தல் ஆகிய மூன்றையும் வரிசையாகக் காண்போம்.

தையல்: தலையணை உறையில் தொடங்குவோம்

புதிதாகத் தையல் கற்பவர் சட்டையில் தொடங்குவது தவறு. கழுத்தும் கையும் சரியாக அமையாவிடில் துணி வீணாகும், மனமும் சோர்ந்துவிடும். நேர்கோட்டுத் தையல் மட்டுமே தேவைப்படும் தலையணை உறை நல்ல தொடக்கமாகும்.

45 சென்டிமீட்டர் அகலமும் 70 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தலையணையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்திற்கு 70, பின்பக்கத்திற்கு 70, உள்ளே மடிந்து தலையணையை மூடும் பகுதிக்கு 15, இரு ஓரங்களையும் மடித்துத் தைக்க 5 என மொத்தம் 160 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அகலம் 45 உடன் இரு பக்கத் தையலுக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வீதம் சேர்த்தால் 48 ஆகும். கடையில் 150 சென்டிமீட்டர் அகலத் துணி வாங்கினால், அதில் 48 வீதம் மூன்று பட்டைகள் வெட்டலாம். ஆகவே ஒரே துண்டுத் துணியில் மூன்று உறைகள் கிடைக்கும்.

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும் தன்மையுடையது. எனவே 160க்குப் பதிலாக 170 சென்டிமீட்டர் வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே வெட்ட வேண்டும். இதனைச் செய்யாமல் தைத்த உறை முதல் சலவைக்குப் பின் தலையணைக்குள் நுழையாது. பள்ளிச் சீருடைக்கும் இவ்விதி பொருந்தும்.

வெட்டிய பட்டையின் இரு குறுகிய ஓரங்களையும் முதலில் மடித்துத் தைக்கவும். பின்னர்த் துணியின் நல்ல பக்கம் மேலே இருக்குமாறு விரித்து, ஒரு முனையிலிருந்து 70 சென்டிமீட்டரை மடக்கவும். மறுமுனையில் எஞ்சியுள்ள 15 சென்டிமீட்டரை அதன்மேல் மடக்கவும். இரு பக்கங்களையும் நேராகத் தைத்து, உட்புறத்தை வெளியே திருப்பினால் உறை தயாராகிவிடும். பொத்தானோ நாடாவோ தேவையில்லை.

இயந்திரத்தில் தைக்கும்போது நூல் சிக்கினால் உடனே இயந்திரத்தைக் குறை கூற வேண்டாம். கழிவுத் துணியொன்றில் தைத்துப் பார்க்கவும். அடிநூல் மேற்பக்கத்தில் தெரிந்தால் மேல்நூல் அதிகமாக இறுக்கப்பட்டுள்ளது என்று பொருள். மேல்நூல் கீழ்ப்பக்கத்தில் வளையமாகத் தொங்கினால் அது தளர்வாக உள்ளது. மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசியும், நடுத்தரத் துணிக்கு 14ஆம் எண் ஊசியும், தடித்த துணிக்கு 16ஆம் எண் ஊசியும் பொருத்தமானவை.

இதில் கை பழகியபின் பள்ளிச் சீருடைக்குச் செல்லலாம். தொடக்கப்பள்ளி மாணவியர் அணியும் நீலப் பினஃபோருக்கு அடியோரத்தில் 5 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு மடித்துத் தைத்தால், பிள்ளை வளரும்போது பிரித்து இறக்கிவிடலாம். ஓராண்டு அணியும் உடை இரண்டாண்டு அணியத்தக்கதாகும்.

தவணையில் வாங்குமுன் கூட்டிப் பாருங்கள்

ஐசக் சிங்கர் என்னும் அமெரிக்கர் 1851இல் தம் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதே பத்தாண்டிலேயே அவருடைய நிறுவனம் இயந்திரத்தைத் தவணை முறையில் விற்கத் தொடங்கிவிட்டது. ஆகவே தையல் இயந்திரமும் தவணைக் கடனும் ஏறக்குறைய உடன்பிறந்தவை எனலாம். தவணை தீமையானதன்று, ஆனால் மாதத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுவது தீமையானது. ரொக்கமாக 800 ரிங்கிட் விலையுள்ள ஓர் இயந்திரத்தை மாதம் 85 ரிங்கிட் வீதம் 12 மாதங்களுக்குத் தருவதாகக் கடைக்காரர் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,020 ரிங்கிட் ஆகிறது. 220 ரிங்கிட் கூடுதல். பக்கத்து வீட்டாரின் இயந்திரத்தில் பழகிக்கொண்டே மாதம் 100 ரிங்கிட் சேமித்தால் எட்டு மாதங்களில் கடனின்றிச் சொந்த இயந்திரம் வாங்கிவிடலாம். கிராமப்புறங்களில் கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறை தையல், சமையல் வகுப்புகளை நடத்துகிறது. அவற்றில் சேர்ந்து, திறன் தமக்குப் பொருந்துகிறதா என்று அறிந்த பின் இயந்திரம் வாங்குவது அறிவுடைமை.

பலகாரம்: நெய் பிஸ்கட்டும் அதன் காரணமும்

முறுக்கும் அதிரசமும் நம் பாட்டிமார் கைவழி வந்தவை. நெய் பிஸ்கட்டோ மலேசியத் தீபாவளியின் சிறப்புப் பலகாரமாகிவிட்டது. மைதா மாவு 300 கிராம், பொடித்த சர்க்கரை 120 கிராம், நெய் 180 கிராம், சோடா மாவு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவை போதும். மாவு வகைகளைச் சலித்துக் கலந்து, நெய்யைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்து, 10 கிராம் அளவுள்ள சிறு உருண்டைகளாக்கினால் ஏறக்குறைய 60 பிஸ்கட்டுகள் கிடைக்கும். உருண்டைகளுக்கிடையே இடைவெளி விட்டு, 160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை ஓவனில் சுடவும்.

பிசையும்போது தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஏன்? மைதாவிலுள்ள புரதம் தண்ணீருடன் சேர்ந்தால் இழுவைத் தன்மை பெறும். ரொட்டிக்கு அது வேண்டும், பிஸ்கட்டுக்கு வேண்டியதில்லை. நெய்யில் தண்ணீர் அநேகமாக இல்லை. அது மாவைச் சூழ்ந்து அந்த இழுவையைத் தடுக்கிறது. வாயில் இட்டவுடன் பிஸ்கட் கரைவதற்கு இதுவே காரணம். சுட்டெடுத்ததும் தொட்டால் உடைந்துவிடும், தட்டிலேயே ஆறவிடவும். முற்றிலும் ஆறிய பின்னரே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே ஆவி படிந்து பிஸ்கட் நமத்துவிடும்.

எரிவாயு அடுப்போ ஓவனோ பயன்படுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரத்தில் தங்கும். குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள்; குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியால் சோதிப்பது உயிருக்கு ஆபத்து.

அழகுசெய்தல்: அண்டை வீட்டாரிடமும் கற்கலாம்

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பாலம் கடந்தால் கேரித் தீவு. அங்குள்ள சுங்கை பும்புன் போன்ற கிராமங்களில் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் பெண்கள் தாழை இன ஓலைகளைப் பதப்படுத்திப் பாயும் பையும் முடைகின்றனர். முன்னோரை வழிபடும் திருநாளில், நீப்பா ஓலையையும் தென்னை ஓலையையும் மடித்துப் பூக்களும் பறவைகளும் செய்து அணிகலனாகவும் அலங்காரமாகவும் பயன்படுத்துகின்றனர். நம் மக்கள் தென்னங்குருத்தில் மடிக்கும் தோரணத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடல்கடந்து வந்த நம் கலையும், இம்மண்ணின் ஆதிக்குடிகளின் கலையும் ஒரே வகை ஓலையில் சந்திக்கின்றன!

தோரணத்திற்கு மரத்தின் நடுக்குருத்தை வெட்டினால் மரம் பாழாகும். அப்போதுதான் விரியத் தொடங்கிய ஓலையே போதும். முதல் நாள் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் வாடாது. பிள்ளைகளுக்கு மடிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் தந்தையரும் ஏற்கலாம். காய்ந்த தோரணம் எளிதில் தீப்பற்றும் என்பதால் அகல்விளக்குகளுக்கு அருகில் தொங்கவிடக் கூடாது. கோலத்தைப் பச்சரிசி மாவால் இட்டால் எறும்புக்கும் உணவாகும்.

உழைப்புக்கும் விலையுண்டு

வீட்டுக்குச் செய்த பலகாரத்தை விற்கவும் பலர் முனைகின்றனர். இங்கேதான் பெரும்பாலான சகோதரிகள் ஏமாறுகின்றனர். ஏமாற்றுபவர் பிறரல்லர், தம் கணக்கே. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 60 பிஸ்கட்டுகளுக்கான பொருள்கள், எரிபொருள், இரண்டு டப்பாக்கள் எல்லாம் சேர்த்து 18 ரிங்கிட் ஆகிறது என்று கொள்வோம். டப்பா ஒன்றுக்கு 9 ரிங்கிட். அதனை 12 ரிங்கிட்டுக்கு விற்று, இரண்டு டப்பாக்களில் 6 ரிங்கிட் இலாபம் என மகிழ்கிறோம். ஆனால் அதற்கு இரண்டு மணிநேரம் உழைத்திருக்கிறோம். மணிக்கு 3 ரிங்கிட்! 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். அக்கணக்கின்படி டப்பாவின் அடக்க விலையே 17 ரிங்கிட்டைத் தாண்டுகிறது.

இதனால் விற்கவே வேண்டாம் என்பதன்று நம் கருத்து. ஒரே முறையில் நான்கு மடங்கு மாவு பிசைந்தால் உழைக்கும் நேரம் நான்கு மடங்காவதில்லை. டப்பாவின் அடக்கம் குறையும். அல்லது விலையை உயர்த்த வேண்டும். எதுவாயினும் உங்கள் நேரத்தை ஏட்டில் எழுதுங்கள். பெண்ணின் உழைப்பு இலவசம் என்று எண்ணும் கணக்கு பிழையான கணக்கு.

தொடர்ந்து விற்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று. தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதனை எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். உணவு கையாள்வோர், 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி பயிற்சி பெறுவதும் டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்வதும் அவசியம். மேலும், 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 120 ரிங்கிட் செலுத்தினால், இல்லப் பணியின்போது நேரும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் விவரம் கேட்டறியலாம்.

தைத்த உறையும் சுட்ட பிஸ்கட்டும் மடித்த தோரணமும் ஒரு குடும்பத்தைச் செல்வந்தராக்கிவிடா. ஆனால் மழை நாளில் மரம் நனைந்து நிற்கும்போது, வீட்டில் கைகள் வேலை செய்தால், அம்மாதம் கடனின்றிக் கழியக்கூடும். இந்த மாதமே ஒரு தலையணை உறையில் தொடங்குவோம். அதற்கான துணியை முதலில் நனைத்து உலர்த்த மறவாதீர்!