தூங்கி விழுந்த மாணவனும் தூங்காத ஆசிரியரும்

திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை. ஏழாம் வகுப்பில் 'வெப்பமும் வெப்பநிலையும்' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவன் மேசை மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்தும் எழவில்லை. மூன்றாவது முறை நான் அழைக்கவில்லை, கத்தினேன். வகுப்பு முழுவதும் அதிர்ந்தது. பாடவேளை முடியும்வரை அவனை நிற்க வைத்தேன்.

மதிய உணவு வேளையில் அவனைத் தனியே அழைத்து, "ராத்திரி என்னடா பண்ணுன?" என்று கேட்டேன். கோபமே இல்லாமல் பதில் சொன்னான்: "மூணு மணிக்கு எந்திரிச்சு நண்டு கழட்டப் போனேன் சார். நெறய நண்டு. முடிய ஏழு மணி ஆயிருச்சு."

கட்டுமாவடிப் பகுதியில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இது புரியும். நாட்டுப்படகில் போகிறவர்கள் மாலையில் நண்டு வலையை விரித்துவிட்டு விடியுமுன் எடுத்துவருவார்கள். வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் ஒடியாமல் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கால் ஒடிந்தால் விலை போய்விடும். சந்தை கூடுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் வீட்டில் இருக்கும் எல்லாக் கைகளும் கரைக்கு வந்துவிடும். அதில் பன்னிரண்டு வயதுக் கைகளும் உண்டு.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முந்தைய இரவு மதிப்பெண் பதிவேடு எழுதி, பாடக்குறிப்பு முடித்து, பிறகு சும்மா செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்து, நான் படுத்தபோது ஒரு மணி. எழுந்தது ஐந்தரை. அந்த வகுப்பறையில் தூக்கம் போதாதவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். ஒருவர் கையில் சாக்பீஸ் இருந்ததால் மற்றவர் நிற்க நேர்ந்தது.

அதன் பிறகுதான் ஓய்வு பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அறிவியல் ஆசிரியராக இருந்தும், தூக்கத்தைப் பற்றி 'உடலுக்குத் தேவை' என்ற ஒரு வரிக்கு மேல் நான் வகுப்பில் சொன்னதில்லை.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது கூடக்கூடத் தூக்கம் அழுத்துகிறது. தூங்கும்போது அது குறைகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் இந்த அடினோசினைக் குறைப்பதில்லை, அது போய்ச் சேரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். களைப்பு அப்படியே இருக்கும், நமக்குத் தெரியாது. குடித்த காஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். பள்ளி முடிந்து ஆறு மணிக்குக் குடிக்கிற தேநீர் இரவு பதினொரு மணிக்கும் நம்மோடு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று உடலின் உள்கடிகாரம். வெளிச்சத்தையும் இருளையும் வைத்து ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் அது இயங்குகிறது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருட்டியதும் மெலடோனின் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. வளரிளம் பருவத்தில் இந்தச் சுரப்பு சற்றுத் தாமதமாகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரவு சீக்கிரம் தூங்க மறுப்பதும் காலையில் எழ மறுப்பதும் முழுக்க முழுக்கத் திமிர் அல்ல. அதில் ஒரு பங்கு உடலியல். மீதியைச் செல்பேசித் திரையின் வெளிச்சம் பார்த்துக்கொள்கிறது.

6 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க ஆய்வாளர்களின் பரிந்துரை. என் மாணவன் பத்து மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்திருக்கிறான். தேவையில் ஏறத்தாழ பாதி.

அந்த மீதிப் பாதியில் என்ன போகிறது? பகலில் கற்றதை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி தற்காலிகமாக வைத்திருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது மீண்டும் ஓட்டிப் பார்க்கப்பட்டு நீண்டகால நினைவாகப் பதிகிறது. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் அப்போதுதான். தூக்கம் குறைந்தால் அச்சத்தையும் கோபத்தையும் எழுப்பும் அமிக்டலா கூடுதலாகத் துடிக்கிறது. அதை அடக்கிவைக்க வேண்டிய முன்மூளையின் பிடி தளர்கிறது. மூன்றாவது முறை நான் அழைக்காமல் கத்தியதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. விளக்கம் என்றுதான் சொல்கிறேன், மன்னிப்பு என்று சொல்லவில்லை. மன்னிப்பை அவனிடம் தனியாகக் கேட்டுவிட்டேன்.

தூக்கம் மட்டும்தான் ஓய்வா என்றால், இல்லை. விழித்துக்கொண்டே எதையும் செய்யாமல் இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து தனியாக ஒரு வேலையில் இறங்குகின்றன. 2001-ல் மார்கஸ் ரைக்கிலும் அவருடைய குழுவினரும் இதை விவரித்தார்கள். நடந்ததை அசைபோடுவது, வரப்போவதைக் கற்பனை செய்வது, பிறர் மனதை எண்ணிப் பார்ப்பது எல்லாம் அப்போது நடக்கின்றன. சன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் பிள்ளையை இப்போது உடனே அதட்டுவதில்லை. ஆனால் செல்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பது இந்த வகையில் சேராது. அங்கே கண்ணும் கவனமும் வேலை செய்தபடியே இருக்கின்றன. 'கொஞ்ச நேரம் ரெஸ்ட்' என்று நான் நினைத்திருந்த முக்கால் மணி நேரம் ஓய்வே இல்லை என்று தெரிந்தபோது சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஓய்வு என்பது புதிய செய்தியும் அல்ல. பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் கடலுக்குப் போகும் நாள்கள் பிரித்து ஒதுக்கப்பட்டுள்ளன. கிழக்குக் கடற்கரை முழுவதும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாள்களாக இருந்தது, 2017-ல் கூட்டப்பட்டது. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக ஏற்பட்ட விதி. ஆனால் அந்த நாள்களில் தெற்கே ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் போய்ப் பார்த்தால் படகுகள் கரையேறி, பலகை மாற்றி, இன்ஜின் பிரித்து, வர்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அப்பல்லாம் நூல் வலை தம்பி. காயப்போடாம ஈரத்தோட சுருட்டி வச்சா இத்துப்போகும். இப்ப நைலான், தாங்குது." நம்மையும் நைலான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. தடைக்காலமும் நம் கோடை விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. படகுகளாவது முழுசாக ஓய்வெடுக்கின்றன. நமக்கு விடைத்தாள் திருத்தம், பயிற்சி, தேர்தல் பணி என்று ஏதாவது வந்து சேரும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியரிடம் 'ஓய்வெடுங்கள்' என்று சொல்வது எளிது. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "சார், ஞாயித்துக்கிழமைதான் எனக்கு வேலை ஜாஸ்தி" என்றார். பள்ளி ஒன்று, சமையலறை ஒன்று என இரண்டு பணியிடங்கள் அவருக்கு. 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், பிறருக்கு உதவும் பணியில் இருப்பவர்கள் மெல்ல மெல்ல எரிந்து தீர்ந்துபோவதை முதன்முதலில் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல், பணியிடத்தோடு தொடர்புடைய நிலை என்று வகைப்படுத்தியது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தியெல்லாம் வடிந்த உணர்வு, வேலை மீதே ஒரு விலகலும் கசப்பும், 'நான் செய்வதில் பயனில்லை' என்ற எண்ணம். இந்த இரண்டாவது அடையாளம்தான் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும். "இதுங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாலும் ஏறாது" என்று நாம் சொல்லும் நாளில், பிள்ளைகளைப் பற்றியா சொல்கிறோம், நம் களைப்பைப் பற்றியா என்று யோசிக்கலாம்.

பணியிடத்தில் பிறக்கும் களைப்புக்குப் பணியிடத்திலும் மருந்து வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்கிறது. பாடத்துக்குத் தயாரிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எங்கள் தலைமையாசிரியையிடம் பேசி ஒரே ஒரு முடிவு எடுத்தோம். இரவு எட்டு மணிக்கு மேல் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போடுவதில்லை, அவசரமென்றால் தொலைபேசியில் அழைப்பது. முதல் வாரம் எல்லோரும் பழக்கதோஷத்தில் குழுவைத் திறந்து பார்த்தோம். பிறகு விட்டது. பதிவேற்றும் வேலைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். இவ்வளவுதான் எங்கள் கையில் இருந்தது.

வகுப்பறையில் இன்னும் எளிது. மதிய உணவுக்குப் பின் உள்கடிகாரமே சற்று இறங்கும் நேரம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்து நிமிடம் தலைசாய்த்துக்கொள்ள விடுகிறோம். பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் கிசுகிசுக்கிறார்கள். அதுவும் ஓய்வுதான். மேல் வகுப்பில் தூக்கம் தாங்காமல் வரும் பிள்ளைக்கு இருபது நிமிடம் தருகிறேன். அதற்கு மேல் விட்டால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் எழும்போது மந்தமாக இருக்கும். இடைவெளி விட்டுப் படித்தால் மறதி குறையும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதியிருக்கிறார். எனவே பாடம் குறைந்துவிடுமோ என்ற கவலையை நான் விட்டுவிட்டேன். தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிக்கச் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

நண்டு விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பையனின் அம்மா, "ஆள் வச்சா கூலி குடுக்கணும் சார், வர்ற காசு அதுக்கே போயிரும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை குடும்பத்துக்கு உதவுவதைப் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டுமே, படிப்பு கெடாத அளவில் அனுமதிக்கிறது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. இவற்றையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்லி மிரட்டியிருந்தால் பிள்ளை பள்ளிக்கு வருவதே நின்றிருக்கும். அதனால், தூக்கம் குறைந்தால் படித்தது தங்காது, உயரமும் கூடாது என்று மட்டும் சொன்னேன். உயரம் என்றதும் அவனுடைய அப்பா நிமிர்ந்து பார்த்தார். பள்ளி நாள்களில் அவனை எழுப்புவதில்லை, சனி ஞாயிறு மட்டும், அன்றும் மதியம் தூங்கவிட வேண்டும் என்று பேசி முடித்தோம். நண்டு அதிகம் படும் நாள்களில் இது இன்னும் மீறப்படுகிறது. ஆனால் குறைந்திருக்கிறது.

ஓய்வால் தீராத களைப்பும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், தூக்கம் வராமலோ தூங்கியும் தெளியாமலோ இருந்தால், பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட, அது விடுப்பு எடுத்துத் தீர்க்கும் விஷயம் அல்ல. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மாணவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான் அந்த எண்.

இப்போது ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' என்பதோடு நேற்று தூங்கிய மணி நேரத்தை விரலில் காட்டுகிறார்கள். ஐந்து, ஆறு விரல் வந்தால் அன்று அவர்களைக் கொஞ்சம் மெதுவாகக் கையாள்கிறேன். சென்ற வாரம் அந்தப் பையன் எட்டு விரல் காட்டினான். கையை இறக்காமலே, "நீங்க எத்தன சார்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் என் கையைப் பார்த்தது. ஆறு காட்டினேன்.

"பத்தாது சார்" என்றான்.