விற்பனை ஏன் குறைகிறது? எக்ஸெல் காட்டும் காரணம்

கடைக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பெரும்பாலானவர்கள் தொடங்கும் முதல் வேலை பில் போடுவதுதான். அடுத்தது ஸ்டாக் கணக்கு. ஆனால், "வியாபாரம் ஏன் குறைகிறது?" என்ற கேள்வி வரும்போது மட்டும் கம்ப்யூட்டரை மறந்துவிடுகிறோம். மனதில் முதலில் தோன்றும் காரணத்தை நம்பிப் பணத்தைச் செலவழிக்கிறோம்.

நான் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் இஞ்சினியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. புரோகிராமில் பிழை என்று தகவல் வந்தால் உடனே கை வைக்க மாட்டோம். அது எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது, என்ன செய்திடும்போது வருகிறது என்று முதலில் பதிவு செய்வோம். பிறகுதான் திருத்தம். இதே வழி வணிகத்திற்கும் பொருந்தும். மேனேஜ்மென்ட் படிப்பில் இதைக் கேஸ் ஸ்டடி, ரிசர்ச் மெத்தட் என்று சொல்லித் தருகிறார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். எக்ஸெல் தெரிந்தால் போதும்.

கேஸ் ஸ்டடி என்றால் என்ன?

ஒரு நிறுவனம் உண்மையில் சந்தித்த பிரச்னை, அப்போது அதன் கையில் இருந்த தகவல்கள், முடிவெடுக்க வேண்டிய நிலை ஆகியவற்றைக் கதைபோல எழுதி வைப்பதே கேஸ் ஸ்டடி. படிப்பவர், "அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்று யோசிக்க வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் இந்த முறைக்குப் பெயர் பெற்றது. அங்கு 1993ல் வெளியான ஒரு கேஸ் ஸ்டடி நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றியது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி, 1976ல் 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கினார். கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்கள் நடத்துவது இதன் முக்கியப் பணிகளில் ஒன்று. முகாம்களில் கூட்டம் நிறைந்திருக்கும். பார்ப்பவர்களுக்கு, தேவைப்பட்டவர்கள் எல்லாம் வந்துவிட்டதாகவே தோன்றும்.

ஆனால், 1999ல் வெளியான ஓர் ஆய்வு வேறு கணக்கைக் காட்டியது. முகாம் நடந்த பகுதிகளில் கண் பிரச்னை உள்ள பெரியவர்களில், நூற்றுக்குச் சுமார் 7 பேர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தனர். வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது. வராதவர்களையும் தேடிச் சென்று கேட்டதால்தான் தெரிந்தது. பயம், செலவு பற்றிய கவலை, குடும்பப் பொறுப்புகள், "இருக்கும் பார்வையே போதும், சமாளித்துக் கொள்கிறேன்" என்ற எண்ணம் எனப் பல காரணங்கள் வெளிவந்தன.

இதற்குத் தீர்வு முகாம் விளம்பரத்தைப் பெரிதாக்குவது அல்ல. எப்போதும் திறந்திருக்கும் ஓர் இடம் மக்களுக்கு அருகிலேயே வேண்டும். எனவே 2004 முதல் சிற்றூர்களில் விஷன் சென்டர்கள் வரத் தொடங்கின. அங்குள்ள பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவமனையில் உள்ள டாக்டர் கம்ப்யூட்டர் வழியாக நோயாளியுடன் பேசுவார். தேனிப் பகுதியில் இதற்கான இணைப்பை, நெடுந்தொலைவு செல்லும் வை-பி தொழில்நுட்பத்தில் அமைக்க, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் உதவினர். இங்கு வரிசையைக் கவனியுங்கள். முதலில் கேள்வி, அடுத்து காரணம், அதன் பிறகே கம்ப்யூட்டர்.

உங்கள் கடைக்கு எப்படி?

என் சித்தப்பா பிளம்பிங் பொருட்கள் விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். விற்பனை குறைந்தது. "எல்லாரும் ஆன்லைன்ல வாங்குறாங்கப்பா. நகையை வச்சாவது ஒரு டெலிவரி வண்டி வாங்கிடணும்" என்றார். "ஒரு மாசம் பொறுங்க சித்தப்பா, எழுதிப் பார்த்துடுவோம்" என்று கேட்டுக்கொண்டேன். நாங்கள் செய்ததைப் படிப்படியாகத் தருகிறேன்.

1. கேள்வியைச் சுருக்கவும்: "வியாபாரம் டல்" என்பது புலம்பல். "கடைக்கு வந்தவர் வாங்காமல் திரும்புவது ஏன்?" என்பது விடை காணக்கூடிய கேள்வி.

2. பதியவும்: எக்ஸெல் ஷீட்டில் தேதி, நேரம், வந்தவர், கேட்ட பொருள், காரணம் என ஐந்து தலைப்புகள் அமைக்கவும். வாங்காமல் திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. காரணத்தை அவரிடமே கேட்கவும். சொல்லாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதவும். நாமாக ஊகித்து எழுதினால், நம் எண்ணமே திரும்பி நம்மிடம் வரும்.

3. ஒரே சொல்லைப் பயன்படுத்தவும்: ஒரு நாள் "ஸ்டாக் இல்லை" என்றும், மறுநாள் "சரக்கு இல்லை" என்றும் டைப் செய்தால் எக்ஸெல் அவற்றை இரண்டு காரணங்களாக எண்ணும். இதைத் தவிர்க்க, காரணம் என்ற தலைப்பின் கீழ் உள்ள செல்களைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேப்பில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்திடவும். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, சோர்ஸ் கட்டத்தில் காரணங்களைக் கமா இட்டு டைப் செய்து ஓகே கொடுக்கவும். இனி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும்.

4. எண்ணவும்: தகவல் உள்ள ஏதேனும் ஒரு செல்லில் கிளிக் செய்து, இன்சர்ட் டேப்பில் பிவட் டேபிள் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். புதிய ஷீட்டின் வலது பக்கம் உங்கள் தலைப்புகள் தெரியும். காரணம் என்பதை இழுத்து ரோஸ் கட்டத்தில் விடவும். அதையே மீண்டும் இழுத்து வேல்யூஸ் கட்டத்திலும் விடவும். ஒவ்வொரு காரணமும் எத்தனை முறை வந்தது என்று கிடைக்கும். வந்தவர் என்பதைக் காலம்ஸ் கட்டத்தில் விட்டால் யாருக்கு எந்தக் குறை என்பதும் தெரியும். இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இந்த வசதி உண்டு. அதில் டேட்டா பீல்ட்ஸ் கட்டத்தில் விட்ட பின், அதன் மீது டபுள் கிளிக் செய்து சம் என்பதைக் கவுண்ட் என மாற்றவும்.

சித்தப்பாவின் ஷீட்டில் "ஆன்லைனில் விலை குறைவு" என்ற காரணம் கீழே கிடந்தது. முதலிடம் "கேட்ட சைஸ் இல்லை". திரும்பியவர்களில் பெரும்பாலோர் பிளம்பர்கள். பட்டியலில் உள்ள ஒரு எல்போ இல்லை என்றால், மொத்தப் பட்டியலையும் அடுத்த கடையில் கொடுத்துவிடுகிறார்கள். சில ரூபாய்ப் பொருள் இல்லாததால் பெரிய பில்லே கைநழுவியிருக்கிறது. டெலிவரி வண்டி வந்திருந்தாலும் அந்த எல்போ வந்திருக்காது.

5. ஒன்றை மட்டும் மாற்றவும்: அடிக்கடி கேட்கப்பட்ட சைஸ்களை மட்டும் வாங்கி வைத்தார். வேறு எதையும் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் தள்ளுபடி, விளம்பரம் என்று சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. அடுத்த மாதமும் அதே ஷீட்டில் பதிந்தோம். "கேட்ட சைஸ் இல்லை" முதலிடத்திலிருந்து இறங்கியது. நகை பீரோவிலேயே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஆடி மாதத்தையும் தீபாவளி மாதத்தையும் ஒப்பிட வேண்டாம். ஒரே மாதிரியான மாதங்களை ஒப்பிடவும். மேலும், கடைக்கே வராதவர்கள் இந்த ஷீட்டில் இருக்க மாட்டார்கள். முன்பு வந்து இப்போது வராத பத்துப் பேருக்குப் போன் செய்து பேசி, அதனைத் தனி ஷீட்டில் பதியவும்.

எல்லாம் முடிந்ததும் பிரச்னை, தகவல், முடிவு, பலன் என நான்கு தலைப்புகளில் ஒரு பக்கம் டைப் செய்து, தேதியுடன் சேவ் செய்திடுங்கள். அதுதான் உங்கள் கடையின் முதல் கேஸ் ஸ்டடி. அடுத்த முறை விற்பனை குறையும்போது முதலில் திறக்க வேண்டிய பைல் அது.