சிறு உழவு இயந்திர மின்கல அடுக்குக் கசிவு

சிறு உழவு இயந்திர மின்கல அடுக்குக் கசிவு என்பது, மினி டிராக்டர் எனப்படும் சிறிய உழவு இயந்திரத்தின் மின்கல அடுக்கில் (பாட்டரி) உள்ள அமிலக் கரைசல் மூடி, முனை அல்லது பெட்டியின் விரிசல் வழியாக வெளியேறுவதைக் குறிக்கும். இக்கரைசல் தோலையும் கண்ணையும் புண்ணாக்கக் கூடியது, இரும்பை அரிக்கும், நீர்நிலையில் கலந்தால் ஈயத்தையும் உடன் கொண்டு செல்லும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வயலும் வாய்க்காலும் அடுத்தடுத்து இருப்பதால், கசிவைச் சரியாகக் கையாளுதல் இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

அமைப்பு

இவ்வியந்திரங்களில் பெரும்பாலும் 12 வோல்ட்டு ஈய அமில மின்கல அடுக்கே பயன்படுகிறது. இவ்வகை மின்கலத்தை 1859 இல் பிரான்சு நாட்டவரான காசுட்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். அடுக்கில் 6 அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட்டு தருகிறது. அறைகளில் ஈயத் தகடுகள் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் இக்கரைசலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.28 ஆகும்.

காரணங்கள்

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதே அதன் காரணத்தைக் காட்டும்.

* மூடி வழியாக: அளவுக்கு மேல் நீர் ஊற்றுதல், மூடி தளர்தல், மிகை மின்னேற்றம் ஆகியவை காரணங்களாகும். இயந்திரம் ஓடும்போது முனைகளுக்கிடையே மின்னழுத்தம் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை இருக்க வேண்டும். தொடர்ந்து 15 வோல்ட்டை எட்டினால் மின்னழுத்தச் சீராக்கி பழுதடைந்திருக்கலாம். அந்நிலையில் கரைசல் கொதிப்பது போலக் குமிழியிட்டு வெளியேறும்.
* முனை வழியாக: முனையைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்தால் கரைசல் ஊறி, வெண்ணிறப் பூப்பு படியும். செப்புக் கம்பி அரிக்கப்பட்டால் பூப்பு நீலப் பச்சையாக இருக்கும்.
* பெட்டி வழியாக: இறுக்குப் பட்டை தளர்ந்து அடுக்கு அதிர்வதாலும், பட்டையை மிகையாக முறுக்குவதாலும் விரிசல் உண்டாகிறது.

முதல் வகையைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். பெட்டி விரிசல் கண்ட அடுக்கை மாற்றுவதே முறையாகும். பசையிட்டு ஒட்டிய விரிசல் அதிர்வில் மீண்டும் திறக்கும்.

தாமிரபரணிப் பகுதியில்

கார், பிசானம் ஆகிய நெற்பருவங்களுக்கு வயலில் நீர் தேக்கித் தொளி கலக்கும்போது, இயந்திரம் சேற்றில் ஒருபுறம் சாய்கிறது. வரப்பேறும்போது முன்புறம் உயர்கிறது. அளவு மிகுந்த கரைசல் அப்போது மூடித் துளை வழியே வழிகிறது. பிசான அறுவடைக்குப் பின் கோடையில் இயந்திரம் நிறுத்தி வைக்கப்பட்டால், அடுக்கு தானாக மின்னிறங்கித் தகடுகள் கெடுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய அடுக்கினுள் சேற்று நீர் புகுந்திருக்கலாம். அதனைச் சோதிக்காமல் மின்னேற்றக் கூடாது.

கையாளும் முறை

1. இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுக்க வேண்டும். மின்னேற்றத்தின்போது ஐதரசன் வளிமம் வெளியாவதால் பீடி, தீக்குச்சி, தீப்பொறி ஆகியவை அருகில் இருத்தல் ஆகாது.
2. கண்ணாடியும் ரப்பர்க் கையுறையும் அணிய வேண்டும்.
3. எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால், திருகுசாவி இயந்திர உடலில் பட்டுக் குறுக்குச் சுற்று உண்டாகும். பூட்டும்போது எதிர்முனை கடைசியாகும்.
4. அடுக்கைச் சாய்க்காமல் தூக்கிப் பிளாத்திக்குத் தட்டில் வைக்க வேண்டும்.
5. ஒரு லிட்டர் நீரில் சுமார் 60 கிராம் ஆப்பச் சோடாவைக் கரைத்து, அமிலம் பட்ட இரும்புப் பகுதியில் ஊற்ற வேண்டும். நுரைப்பது நின்றால் அமிலம் நடுநிலையாகிவிட்டது எனக் கொள்ளலாம். சோடாக் கரைசல் அறைகளுக்குள் சென்றால் அமிலத்தின் வலு குறைந்து அடுக்கு கெடும்.
6. இடத்தைத் துடைத்து உலர்த்தி, முனைகளில் வாசலின் தடவ வேண்டும்.

மீண்டும் நிரப்புதல்

குறைந்த அறையில் அமிலம் ஊற்றுவது பரவலான தவறாகும். வழக்கமான பயன்பாட்டில் ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. ஆகவே வடித்த நீரே ஊற்றப்பட வேண்டும். கரைசல் வழிந்து போனால் அமிலமும் குறைகிறது என்பது உண்மை. எனினும் ஒப்படர்த்தி குறைந்திருப்பது மட்டுமே அமில இழப்பிற்குச் சான்றாகாது. மின்னிறங்கும்போது அமிலம் தகடுகளில் ஈயச் சல்பேட்டாகத் தங்குகிறது; மின்னேற்றினால் கரைசலுக்குத் திரும்புகிறது. எனவே முதலில் தகடுகள் மூழ்கும் அளவுக்கு வடித்த நீர் விட்டு, முழுமையாக மின்னேற்றி, பின் அடர்த்திமானியால் (ஹைட்ரோமீட்டர்) அளந்து, தேவையானால் பயிற்சி பெற்ற மின்பணியாளர் மட்டுமே அமிலம் சேர்க்கலாம். மூடி திறக்க இயலாத, பராமரிப்பற்ற வகைகளுக்கு இது பொருந்தாது.

முதலுதவி

அமிலம் கண்ணில் பட்டால் உடனே இமைகளைத் திறந்து பிடித்து, தூய நீரால் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். சோடாவோ தாய்ப்பாலோ விடுதல் கூடாது. வாய்க்கால் நீரைத் தவிர வேறு நீர் இல்லையெனில் அதனைக் கொண்டாவது தாமதமின்றிக் கழுவுதல் நன்று. பின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம். தோலில் பட்டால் நனைந்த துணியைக் களைந்து நீரால் கழுவ வேண்டும்.

கழிவு

அமிலத்தை நடுநிலையாக்கினாலும் அதிலுள்ள ஈயம் நீங்குவதில்லை. ஆகவே கசிந்த அடுக்கை வாய்க்காலில் கழுவுவதும், கரைசலை வரப்போரம் கொட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும். தாமிரபரணி நீர் இரு மாவட்டங்களிலும் குடிநீராகவும் பயன்படுகிறது. தரையில் சிந்தியதை உலர்ந்த மணலால் உறிஞ்சி அள்ளிப் பிளாத்திக்குக் கலனில் மூடி வைத்து, பழைய அடுக்குடன் ஒப்படைக்கலாம்.

இந்தியாவில் 2001 ஆம் ஆண்டு விதிகள் பழைய ஈய அமில அடுக்குகளை விற்பனையாளரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ திருப்பித் தர வகை செய்தன. அவற்றிற்குப் பதிலாக 2022 ஆகத்து மாதத்தில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அறிவிக்கப்பட்டன. இவ்விதிகள் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. ஈயம் மீண்டும் பயன்படுத்தத்தக்கது என்பதால் பழைய அடுக்கிற்கு விலையும் உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே அதனை மாற்றிக் கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

* ஈய அமில மின்கலம்
* கந்தக அமிலம்
* தாமிரபரணி ஆறு