மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது?



தொடர் என்றாலே சண்டையும் சூழ்ச்சியும்தான் என்று எண்ணி, மாலை வேளையில் தொலைக்காட்சியை அணைத்துவிடும் இல்லங்கள் நம்மிடையே பல உண்டு. ஆயினும் வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்து, பார்த்தபின் பேசவும் வேண்டிய இரண்டு தொடர்கள் உள்ளன. ஒன்று, 2019ஆம் ஆண்டு வெளியான 'செர்னோபில்'. ஐந்து பகுதிகள் கொண்டது. மற்றொன்று, 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'தி ரயில்வே மென்'. நான்கு பகுதிகள் கொண்டது. நாம் நன்கறிந்த மாதவனும், கே கே மேனனும் இதில் நடித்திருக்கின்றனர். முதலாவது அணு உலை வெடித்த கதை. இரண்டாவது, போபால் நகரில் விஷவாயு கசிந்த கதை. இரண்டிலும் கொடிய காட்சிகள் உண்டு. ஆகையால் சிறுபிள்ளைகளுக்கு இவை ஏற்றவை அல்ல.

கதிர்வீச்சு வேறு, விஷவாயு வேறு. ஆனால் இரண்டு இடங்களிலும் ஜனங்கள் ஒன்றும் அறியாமல் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அறிந்திருந்தவர்கள் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மூன்றே நாட்கள் என்றார்கள்

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23 மணி. அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4ஆம் உலை வெடித்தது. அருகிலிருந்த பிரிப்யாத் நகரில் ஏறக்குறைய 49,000 பேர் வாழ்ந்தனர். பெரும்பாலும் அந்த நிலையத்தில் பணிபுரிந்தோரின் குடும்பங்களே அவை. விடிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போலப் பள்ளிக்குச் சென்றனர். மறுநாள் பிற்பகலில்தான் பேருந்துகள் வந்தன. மூன்று நாட்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டது. அந்தக் குடும்பங்கள் அந்நகரில் மீண்டும் குடியேறவே இல்லை. காற்றில் கலந்த கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பாலில் சேர்ந்தது. அதைச் சிறுவயதில் பருகியவர்களிடையே தைராய்டு புற்றுநோய் பிற்காலத்தில் பெருகியது.

போபாலின் இரவு

நம் தேசத்தில் நடந்ததோ இன்னும் கொடியது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் 40 டன்னுக்கு மேற்பட்ட மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்கவேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையை ஒட்டிப் பரவியது. ஆகவே குழந்தைகளே அதிகமாய்ப் பாதிக்கப்பட்டனர்.

ஆலையின் மதிலுக்கு எதிரே ஜெயப்பிரகாஷ் நகர் என்னும் குடிசைப்பகுதி இருந்தது. கிராமங்களிலிருந்து பிழைப்பைத் தேடி நகரத்துக்கு வந்தோர் அங்கே மிகுதியாய் இருந்தனர். உங்களையும் என்னையும் போன்றவர்கள்தாம்! ஊரை எழுப்பவேண்டிய சைரன் சற்று நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. மீண்டும் ஒலித்தபோது காலம் கடந்திருந்தது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லப்பட்டிருந்தால் எத்தனையோ ஜீவன்கள் தப்பியிருக்கும். மருத்துவமனையிலிருந்த மருத்துவர்களுக்கே அது என்ன வாயு என்று தெரியவில்லை.

எச்சரித்தவர் ஒருவரும் இல்லாமல் போகவில்லை. ராஜ்குமார் கேஸ்வானி என்னும் உள்ளூர்ப் பத்திரிகையாளர், 1982 முதலே ஆலையின் ஆபத்தைக் குறித்து எழுதிவந்தார். கேட்பார் இல்லை. தொடரில் வரும் பத்திரிகையாளர் பாத்திரத்துக்கு இவரே முன்மாதிரி.

அந்த இரவில் போபால் ரயில் நிலையத்தில் பணியிலிருந்தவர் குலாம் தஸ்தகீர். மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல், பயணிகள் நிறைந்த கோரக்பூர் எக்ஸ்பிரஸை நேரத்துக்கு முன்னரே புறப்படச் செய்தார். அவ்வண்டியில் இருந்தோர் பிழைத்தனர். அவருடைய உடல்நலமோ அன்றே கெட்டது, 2003இல் மறைந்தார். கே கே மேனனின் பாத்திரம் இவரைத் தழுவியதே. காவலர் வேடத்தில் வரும் கொள்ளைக்காரன் போன்றவை கற்பனை. எது நடந்தது, எது புனைந்தது என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லுவது பெற்றோரின் கடமை.

தொடர் முடிந்தபின்

தொடர் நான்கு பகுதிகளில் முடிந்துவிடுகிறது. போபாலின் துயரம் முடியவில்லை. உடனடியாக இறந்தோர் 2,259 என்றது முதல் அரசுக் கணக்கு. பின்னர் மாநில அரசு 3,787 என உறுதிசெய்தது. உயிர்பிழைத்தோரின் அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கையோ இதைவிடப் பன்மடங்கு. பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என்று 2006ஆம் ஆண்டின் அரசு வாக்குமூலம் கூறுகிறது. 1989இல் நிறுவனம் 47 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. காயமுற்றோரில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். 2010இல் ஏழு அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு எடுத்துச்செல்லப்பட்டு, பின்னர் எரிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள்!

பழைய கதை என்று தள்ளிவிடலாமா? 2020 மே 7 அன்று அதிகாலையில், விசாகப்பட்டினத்தின் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து 12 பேர் மாண்டனர். அங்கும் சைரன் ஒலிக்கவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. 2023 டிசம்பர் 26 இரவு, நம் எண்ணூரில் உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள்.

நம் வீட்டருகே

பெங்களூரு வாசகரே, வாடகை குறைவு, வேலைக்கு நடந்தே போகலாம் என்று பீன்யாவிலும், பொம்மசந்திராவிலும், ஜிகணியிலும் ஆலைகளை அடுத்துக் குடியிருக்கிறோம். பக்கத்து மதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? குளிர்பதனக் கிடங்கில் அம்மோனியா இருக்கலாம். நீர் சுத்திகரிக்கும் இடத்தில் குளோரின் இருக்கலாம்.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. போபாலுக்குப்பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1989இல் வந்த விதிகளின்படி, பெரும் விபத்து நேரக்கூடிய ஆலையை நடத்துவோர், வெளியே வசிப்போருக்கும் ஆபத்தின் தன்மையையும், அவ்வேளையில் செய்யவேண்டியதையும் தெரிவிக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் மூலம் எழுதிக் கேளுங்கள். ஆலையில் வேலைசெய்யும் சகோதரர்களே, நீங்கள் கையாளும் பொருளின் பெயரையும், அது கசிந்தால் என்ன செய்வது என்பதையும் அறிந்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

வாயு கசிந்தால் காற்று போகும் திசையிலேயே ஓடாதீர்கள். குறுக்காக விலகிச் செல்லுங்கள். நனைந்த துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். உள்ளேயே இருக்கும்படி அதிகாரிகள் சொன்னால், கதவு ஜன்னல்களின் இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்துவிடுங்கள். 112 என்ற எண்ணை அழையுங்கள். முதியோரும் பிள்ளைகளும் உள்ள அயல்வீட்டுக் கதவைத் தட்ட மறவாதிருங்கள். அவர்கள் தமிழரோ, கன்னடரோ, பீகாரிலிருந்து வந்தவரோ, விஷவாயு அதைக் கேட்பதில்லை.

தஸ்தகீர் தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒரு வண்டி நிறைய ஜனங்கள் பிழைத்தார்கள். இம்மாதமே உங்கள் தெருவின் ஆலையைக் குறித்து விசாரியுங்கள். அறிந்ததை அயலாருக்குச் சொல்லுங்கள்.