உளமார்ந்த சந்தைப்படுத்தல்

உளமார்ந்த சந்தைப்படுத்தல் என்பது, தனியாகத் தொழில் செய்யும் ஒருவர் தமது சேவையை மிகைப்படுத்தாமலும், வாங்க வருபவரை அவசரப்படுத்தாமலும், தம்மால் உண்மையில் செய்ய முடிந்ததை மட்டும் சொல்லி வாடிக்கையாளரைத் தேடும் முறையாகும். 'கோச்' என்று அழைக்கப்படும் பயிற்றுநர்கள், யோகா ஆசிரியர்கள், உணவு ஆலோசகர்கள், பேச்சுப் பயிற்சி அளிப்போர், தனிப்பட்ட முறையில் வடிவமைப்பு அல்லது மொழிபெயர்ப்பு செய்வோர் ஆகியோரிடையே இச்சொல் பரவலாக வழங்குகிறது. இதற்குக் கண்டிப்பான கல்விசார் வரையறை இல்லை. மென்மையான குரலில் பேசுவதும் சொந்தக் கதையைப் பகிர்வதுமே இம்முறை என்று பலர் எண்ணுகின்றனர். வாங்குபவரால் சரிபார்க்க முடியாத ஒன்றை விற்கும்போது விற்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே இதில் முதன்மையான கேள்வி.

பின்னணி

'கோச்' என்ற ஆங்கிலச் சொல், ஹங்கேரியில் அதே பெயருள்ள ஊரில் செய்யப்பட்ட குதிரை வண்டியிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்சுபோர்டு மாணவர்கள், தேர்வைக் கடக்க உதவிய தனி ஆசிரியரை இவ்வண்டியின் பெயரால் கேலியாக அழைத்தனர். அங்கிருந்து விளையாட்டுக்கும், பின்னர் அலுவலகங்களுக்கும் சொல் பரவியது. டென்னிஸ் பயிற்சி பற்றி திமோதி கால்வே 1974இல் வெளியிட்ட நூலும், நிறுவனப் பயிற்சி பற்றி ஜான் விட்மோர் 1992இல் வெளியிட்ட நூலும் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு 1995இல் அமெரிக்காவில் தோன்றியது.

மருத்துவர், வழக்கறிஞர் ஆகிய பெயர்களைத் தகுதியின்றிப் போட்டுக்கொள்ள முடியாது. பயிற்றுநர் என்ற பெயருக்குப் பெரும்பாலான நாடுகளில் அத்தகைய தடை இல்லை. ஆகவே தொழிலுக்குள் நுழைவது எளிது, வாடிக்கையாளரைப் பெறுவதுதான் கடினம். இந்த இடைவெளியில், பயிற்றுநர்களுக்கே விற்பனையைக் கற்றுத்தரும் தனித் தொழில் ஒன்று வளர்ந்தது. அது கற்றுத்தரும் வழி பலருக்கும் பழக்கமானது: இலவச இணைய வகுப்பு, அதன் முடிவில் விலை அறிவிப்பு, திரையில் குறைந்துகொண்டே வரும் கடிகாரம், 'இன்னும் மூன்று இடங்களே உள்ளன' என்ற வரி. முன்பே பதிவு செய்து வைத்த காணொளி வகுப்பில் இடம் எப்படித் தீரும் என்று கேட்பவர் குறைவு.

வாங்குவதற்கு முன் அறிய முடியாத தரம்

பொருளியலாளர் பிலிப் நெல்சன் 1970இல், வாங்கும் முன்பே பார்த்து அறியக்கூடிய பண்புகளையும், பயன்படுத்திய பிறகே தெரியும் பண்புகளையும் பிரித்துக் காட்டினார். புடவையின் நிறம் முதல் வகை, உணவகச் சாப்பாட்டின் சுவை இரண்டாம் வகை. 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் மூன்றாவது வகையைச் சேர்த்தனர். வாகனப் பழுதுபார்ப்பு போன்றவற்றில், பணம் கொடுத்து வேலை முடிந்த பிறகும் அந்த வேலை தேவைதானா, சரியாகச் செய்யப்பட்டதா என்று வாடிக்கையாளரால் எளிதில் சொல்ல முடியாது. அங்கு அவர் நம்பிக்கையைத்தான் வாங்குகிறார்.

பயிற்றுநரின் சேவை பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில் அடங்கும். மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்தால், அது பயிற்சியாலா, அவரது முயற்சியாலா, அந்த நேரத்தில் வேலைச் சந்தை நன்றாக இருந்ததாலா என்று பிரித்தறிய வழியில்லை. வேலை கிடைக்காவிட்டாலும் இதே குழப்பம்தான். 'நீங்கள் முழு மனதோடு ஈடுபடவில்லை' என்று பயிற்றுநர் சொன்னால் அதை மறுத்து நிரூபிப்பது வாடிக்கையாளருக்கு இயலாத காரியம்.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை இங்குப் பொருந்துகிறது. நல்ல காருக்கும் மோசமான காருக்கும் வேறுபாடு தெரியாத வாடிக்கையாளர் சராசரி விலையையே தர முன்வருவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல காரின் உரிமையாளர் சந்தையை விட்டு விலகிவிடுவார். பயிற்சித் துறையிலும் இது நடக்கிறது. எல்லோரும் '90 நாளில் வாழ்க்கை மாறும்' என்று எழுதும்போது, 'பலருக்கு உதவியிருக்கிறது, சிலருக்கு உதவவில்லை' என்று எழுதுபவர் திறமை குறைந்தவராகத் தெரிகிறார்.

இதற்கு ஒரு வழியை, 2001இல் அகர்லாஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஸ்பென்ஸ் விளக்கினார். ஓர் அறிகுறி நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால், தரமில்லாதவர் அதைக் காட்டுவதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருக்க வேண்டும். 'நான் நேர்மையானவன்' என்று எழுத யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. அதனால் அந்த வரிக்கு மதிப்பும் இல்லை.

நடைமுறையில்

மேடைப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 'உங்களுக்குள் உறங்கும் தலைவரை எழுப்புங்கள்' என்று அவர் விளம்பரம் எழுதலாம். அல்லது இவ்வாறும் எழுதலாம்: 'அலுவலகக் கூட்டங்களில் பேசத் தயங்குவோருக்கு 8 வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பிலும் நீங்கள் இருமுறை எழுந்து பேசுவீர்கள். அதைப் பதிவு செய்து சேர்ந்து பார்ப்போம். கட்டணம் 6,000 ரூபாய். இரண்டாம் வகுப்புக்குப் பின் விலகினால் மீதிப் பணம் திருப்பித் தரப்படும். திக்குவாய் உள்ளவர்கள் பேச்சு சிகிச்சையாளரை அணுகுவது நல்லது.'

இரண்டாவது விளம்பரத்தில் உணர்ச்சிமிகு சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் ஒவ்வொரு வரியையும் வாடிக்கையாளர் சரிபார்க்கலாம். இருமுறை பேச வாய்ப்புக் கிடைக்காவிட்டால் முதல் நாளே கேள்வி கேட்கலாம். கடைசி வரி சில வாடிக்கையாளர்களை வேறிடம் அனுப்பிவிடுகிறது, அதனால் வருமானம் குறைகிறது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு எழுதியிருப்பதால்தான் மற்ற வரிகளும் நம்பத்தக்கவையாகின்றன. பணத்தைத் திருப்பித் தரும் உறுதியும் அப்படிப்பட்டதே. வகுப்பு மோசமாக இருந்தால் அந்த உறுதி அவரையே முதலில் பாதிக்கும்.

கட்டணத்தை மறைப்பது இத்துறையில் பரவலாக உள்ள பழக்கம். 'விலைக்கு இன்பாக்ஸ் செய்யவும்' என்பதன் பொருள் பல வேளைகளில், ஆளைப் பார்த்து விலை சொல்லப்படும் என்பதே. நிறுவனங்களுக்குச் செய்யும் வேலை அளவில் மாறுபடுவதால் முன்கூட்டியே விலை சொல்ல இயலாமல் போகலாம். அப்போதும் குறைந்தபட்சத் தொகையைக் குறிப்பிடத் தடை ஏதுமில்லை.

வாடிக்கையாளரின் சான்றுரைகள் இன்னும் நுட்பமான சிக்கல். பயன் பெறாதவர்கள் சான்றுரை எழுதுவதில்லை, எழுதினாலும் அது வெளியிடப்படுவதில்லை. எனவே பத்துப் பாராட்டுகளைப் படிப்பவருக்கு, அவை பன்னிரண்டு பேரில் பத்தா, இருநூறு பேரில் பத்தா என்று தெரியாது. கடைசி வகுப்பு முடிந்தவுடன் கைப்பேசியை நீட்டி 'இரண்டு வார்த்தை சொல்லுங்கள்' என்று கேட்டால் மறுப்பது யாருக்கும் சங்கடமே. ஆறு மாதம் கழித்து, என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்கும் சான்றுரை, பளபளப்புக் குறைந்தாலும் புதிதாக வருபவருக்கு உண்மையில் பயன்படும். மணமுறிவு, கடன், மனச்சோர்வு போன்றவற்றோடு வந்தவர்களின் கதைகளைப் பெயரை மாற்றியும்கூட அனுமதியின்றி வெளியிடக் கூடாது. ஊரில் நாலு பேருக்கு அது யார் என்று தெரிந்துவிடும்.

ராபர்ட் சியால்டினி 1984இல் வெளியிட்ட நூலில், மனிதரை இணங்கவைக்கும் ஆறு கூறுகளை விவரித்தார். பற்றாக்குறையும் பிறரின் சான்றும் அவற்றில் அடங்கும். இவற்றைப் பயன்படுத்துவதே தவறு என்று சிலர் வாதிடுவதுண்டு. அது மிகையான நிலைப்பாடு. தனியொருவர் தரும் சேவையில் பற்றாக்குறை உண்மையிலேயே இருக்கிறது. 'தை மாதம் வரை இடமில்லை' என்பது உண்மையானால் அதைச் சொல்வதே முறை.

எத்தனை பேர் போதும்

பெருநிறுவனங்களின் விளம்பர உத்திகள் தனியாள் தொழிலுக்கு ஏன் பொருந்துவதில்லை என்பதை எளிய கணக்கால் காணலாம். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 4 அமர்வுகள் என்றால் வாரத்திற்கு 20 அமர்வுகள். ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை வந்தால் ஒரே நேரத்தில் 20 பேர். பயிற்சிக் காலம் மூன்று மாதம் என்றால் ஆண்டுக்கு 80 பேர். அவர்களில் பாதிப்பேர் முன்னவர்களின் பரிந்துரையால் வந்தால், புதிதாகத் தேட வேண்டியவர்கள் 40 பேர் மட்டுமே. சோப்பு விற்பவருக்கு இந்த எண்ணிக்கை ஒன்றுமே இல்லை. பயிற்றுநருக்கோ இதுவே முழு ஆண்டு வேலை. கெவின் கெல்லி 2008இல், ஆண்டுக்கு 100 டாலர் செலவிடும் 1,000 உண்மையான ரசிகர்கள் ஒரு கலைஞர் வாழப் போதும் என்று எழுதினார். நேருக்கு நேர் சேவை தருபவருக்கு அதிலும் மிகச் சிறு பங்கே போதும்.

40 பேரைப் பெற 40,000 பேரின் வாட்ஸ்அப்பில் தினமும் செய்தி போட வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டவருக்கு மட்டும் செய்தி அனுப்பும் 'அனுமதி சந்தைப்படுத்தல்' என்ற கருத்தை சேத் கோடின் 1999இல் நூலாக்கினார்.

நடிக்கப்படும் நேர்மை

விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட், 1983இல் வெளியிட்ட நூலில் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை விளக்கினார். புன்னகையும் கனிவும் வேலையின் பகுதியாகும்போது, தம் உணர்வு எது, வேலைக்கான உணர்வு எது என்ற குழப்பம் தொழிலாளிக்கு ஏற்படலாம். உளமார்ந்த சந்தைப்படுத்தலைப் பின்பற்றுவோருக்கும் இதே ஆபத்து உண்டு. சொந்தத் துயரத்தை வாரம் ஒருமுறை எழுதினால் ஆட்கள் வருகிறார்கள் என்று கண்டவர், அடுத்த வாரத்திற்கும் ஒரு துயரத்தைத் தேடத் தொடங்குகிறார்.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், உள்ளும் புறமும் ஒத்திருத்தலை உளச்சிகிச்சையாளருக்கு வேண்டிய பண்பாகக் குறிப்பிட்டார். எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும் என்று இதற்குச் சிலர் பொருள் கொள்கின்றனர். ரோஜர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. தம் உணர்வுகளைப் பேசித் தீர்ப்பது சிகிச்சையாளரின் நோக்கமன்று என்றும், தம்மைப் பற்றி வந்தவரை ஏமாற்றாதிருப்பதே தேவை என்றும் அவர் எழுதினார். விளம்பரத்துக்கும் இந்த அளவுகோல் போதுமானது.

இதைவிடக் கவலைக்குரியது, கனிவான பேச்சையே வற்புறுத்தலாக மாற்றுவது. இலவச அறிமுக அழைப்பில் வந்தவரின் கடன், குடும்பச் சண்டை, வேலையிழப்பு எல்லாவற்றையும் அன்போடு கேட்டுவிட்டு, 'இப்படியே இருந்தால் ஐந்து ஆண்டில் உங்கள் பிள்ளைகள் நிலை என்ன?' என்று கேட்பது சில விற்பனை வகுப்புகளில் கற்றுத்தரப்படுகிறது. தயங்கினால், கடன் வாங்கியாவது சேர்வதே அர்ப்பணிப்பு என்ற பதில் தயாராக இருக்கும். மாதத் தவணையில் சிக்குபவர் பெரும்பாலும் அப்போதுதான் வேலை இழந்தவராகவோ, பிரிவில் தவிப்பவராகவோ இருப்பார். இத்தகைய அழைப்பு வந்தால், ஒரு வாரம் கழித்து முடிவு சொல்கிறேன் என்று கூறிப் பார்க்கலாம். அதற்குக் கிடைக்கும் பதிலே பலவற்றைக் காட்டிவிடும்.

சட்டத்தின் பார்வை

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கிறது. இச்சட்டத்தின் கீழ் 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டுதல்கள், இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டன. போலியான அவசரமும், மறுப்பவரைக் குற்றவுணர்வுக்கு உள்ளாக்கும் வாசகங்களும் அவற்றில் உள்ளன. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளையும் சான்றுரைகளையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. செருமனியில் 47,600 யூரோ மதிப்புள்ள ஒன்பது மாத இணையவழி வழிகாட்டல் ஒப்பந்தம் ஒன்றை, தொலைக்கல்விப் பாதுகாப்புச் சட்டம் கோரும் அனுமதி பெறாததால் செல்லாது என்று 2025 சூன் 12 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் அதுவரை செலுத்திய பாதித் தொகையைத் திரும்பப் பெற்றார். விளம்பரத்தின் உண்மை பற்றியதாக இல்லாவிட்டாலும், தொழில் நோக்கோடு சேர்ந்தவருக்கும் அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று இத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

குறைகள்

இம்முறையின் பெரிய குறை இதன் மெதுவான வேகம். பரிந்துரை தொடங்குவதற்கே முதல் தொகுதி வாடிக்கையாளர்கள் பயிற்சியை முடித்து, மாற்றத்தை உணர்ந்து, பிறரிடம் பேச வேண்டும். மேற்கண்ட கணக்கின்படியே இதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டு வாடகைக்கு வேறு வழி வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் பலர் பழைய வேலையை உடனே விடாமல் வார இறுதியில் மட்டும் நான்கைந்து பேருடன் தொடங்குவதற்கு இதுவே காரணம். கையில் சில மாதச் செலவுக்குப் பணம் இருப்பவரால், தமக்குப் பொருந்தாத வாடிக்கையாளரிடம் வேறொருவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்ப முடிகிறது.